விமானத் தாமத இழப்பீடு: நாமே கேட்பதா, ஏஜென்சியா, நீதிமன்றமா?

விமானம் நாலு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்த மறுநாளே, "இழப்பீடு வாங்கித் தருகிறோம், வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம்" என்ற விளம்பரங்கள் கண்ணில் பட ஆரம்பிக்கும். அவை பெரும்பாலும் மோசடி அல்ல, நியாயமான சேவைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. ஏஜென்சிகள் பொதுவாக வசூலாகும் தொகையில் 25 முதல் 35 சதவீதம் எடுத்துக்கொள்கின்றன. வழக்குவரை போனால் அது 50 சதவீதத்தைத் தொடலாம். 600 யூரோவில் 210 யூரோ, அல்லது பாதி, போய்விடும்.

அந்தப் பணத்துக்கு ஏஜென்சி செய்யும் முதல் வேலை, விமான நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு படிவத்தை நிரப்புவதுதான். அதற்கு 35 சதவீதம் அநியாயம். தெரியாத மொழியில், வெளிநாட்டு நீதிமன்றத்தில் வழக்கு நடத்துவதற்கு அதே 35 சதவீதம் மலிவு. ஆகவே எந்த வழி நல்லது என்பதைவிட, எந்தக் கட்டத்தில் எந்த வழி என்று பார்ப்பதே சரி.

மூன்று பணம், மூன்று வழி

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் குழப்பி எழுதுவதால்தான் பாதி விண்ணப்பங்கள் இழுத்தடிக்கப்படுகின்றன. முதலாவது, டிக்கெட் பணம்: ரத்தான விமானத்தில் நீங்கள் பறக்கவில்லை என்றால் திரும்ப வரவேண்டியது. இரண்டாவது, செலவு: காத்திருந்த நேரத்தில் சாப்பாடு, ஹோட்டல், டாக்சிக்குக் கொடுத்தது. மூன்றாவது, சட்டம் தொகையைக் குறித்து வைத்திருக்கும் நிலையான இழப்பீடு. இதற்கு எந்த நஷ்டத்தையும் நிரூபிக்க வேண்டாம்.

புயல், பனி, எரிமலைச் சாம்பல் என்று காரணம் காட்டி நிறுவனம் தப்பிக்க முடிவது மூன்றாவதிலிருந்து மட்டும்தான். ஐரோப்பியச் சட்டத்தின்படி முதல் இரண்டும் எந்தக் காரணமானாலும் உண்டு. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது ஹோட்டல் செலவைத் தர ரயன்ஏர் மறுத்தது. 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் மெக்டோனா வழக்கில், அத்தகைய சூழலிலும் பயணிகளைக் கவனிக்கும் கடமை நிற்காது என்று தீர்ப்பளித்தது. "வானிலை காரணமாக எதுவும் தர இயலாது" என்ற பதில் வந்தால், ஹோட்டல் ரசீதைப் பொறுத்தவரை அது செல்லாது.

எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள்

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதை முடிவு செய்தாக வேண்டும். பயணியின் குடியுரிமைக்கு இதில் வேலையே இல்லை. எங்கிருந்து எங்கே பறந்தது, எந்த நிறுவனம் இயக்கியது என்ற இரண்டு மட்டுமே கணக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி தாராளமானது. ஒன்றிய நாடு, ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து ஆகியவற்றிலிருந்து புறப்படும் எல்லா விமானமும் இதற்குள் வரும். வெளியிலிருந்து அங்கே போகும் விமானமாக இருந்தால், இயக்கும் நிறுவனம் ஐரோப்பிய நிறுவனமாக இருக்க வேண்டும். தொகை 1500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3500 வரை 400, அதற்கு மேல் 600. ஒன்றியத்துக்குள்ளேயே 1500ஐத் தாண்டிப் பறந்தால் எவ்வளவு தூரமானாலும் 400தான். போய்ச் சேர்வதில் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் இருக்க வேண்டும். 3500 கிலோமீட்டரைத் தாண்டிய பயணத்தில் தாமதம் 3 முதல் 4 மணி நேரத்துக்குள் என்றால் தொகை பாதியாகலாம்.

போய்ச் சேர்ந்த நேரம் என்பது சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட நேரம் அல்ல. விமானத்தின் கதவு திறந்த நேரம். 2014இல் ஜெர்மன்விங்ஸ் வழக்கில் தீர்க்கப்பட்ட விஷயம் இது. 2 மணி 55 நிமிடத் தாமதம் என்று நிறுவனம் சொல்லும்போது இந்த வித்தியாசம்தான் காசாகும். கதவு திறக்கும்போது போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகும் இதே விதியைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது. தொகை 220, 350, 520 பவுண்டு. கனடாவில் பெரிய நிறுவனமென்றால் 3 முதல் 6 மணி நேரத்துக்கு 400 கனடிய டாலர், 9 வரை 700, அதற்கு மேல் 1000. ஆனால் அங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: தாமதம் நிறுவனத்தின் கையில் இருந்தாலும், "பாதுகாப்புக்காகத் தேவைப்பட்டது" என்ற வகையில் சேர்த்துவிட்டால் இழப்பீடு கிடையாது. விண்ணப்பத்தை ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் தாமதத்துக்கு நிலையான இழப்பீடே இல்லை. டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும் உரிமை மட்டும் 2024இல் வலுவாகியிருக்கிறது.

இந்தியாவில் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) விதி தாமதத்துக்கு அல்ல, ரத்துக்குத்தான் தொகை சொல்கிறது: பறக்கும் நேரம் ஒரு மணி வரை என்றால் 5000 ரூபாய், இரண்டு மணி வரை 7500, அதற்கு மேல் 10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. தாமதத்துக்குச் சாப்பாடு, மாற்று விமானம், ரீஃபண்ட், ஹோட்டல் என்று நேரத்தைப் பொறுத்து உண்டு. ரொக்க இழப்பீடு இல்லை. பதிவு செய்யும்போது சரியான தொடர்பு எண் தராத பயணிக்கு அந்த ரத்துத் தொகையும் கிடையாது. டிராவல் ஏஜென்ட் தன் எண்ணையே போட்டு டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் இடத்தில் பலர் மாட்டிக்கொள்வது இதனால்தான். ஐரோப்பாவில் நிலைமை நேர்மாறு. ஏஜென்டுக்குச் சொன்னோம், அவர் பயணிக்குச் சொல்லவில்லை என்று நிறுவனம் கைகழுவ முடியாது என்பதை 2017இன் கிரைக்ஸ்மன் வழக்கு உறுதி செய்தது.

இணைப்பு விமானங்களில்தான் அதிகம் பேர் தம் உரிமையை விட்டுவிடுகிறார்கள். ஒரே முன்பதிவு எண்ணில் எடுத்த டிக்கெட் முழுவதும் ஒரே பயணம். பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாதீர் போன ராயல் ஏர் மரோக் பயணி, காசாபிளாங்காவில் தாமதமானார். விமானம் ஐரோப்பாவுக்கு வெளியே, நிறுவனமும் வெளியே. இருந்தும் பயணம் பெர்லினில் தொடங்கியதால் 261 விதி பொருந்தும் என்று 2018இல் தீர்ப்பு வந்தது. அதே ஊர்களுக்கு இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து நீங்களே இணைத்துக்கொண்டால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் யாரும் பொறுப்பில்லை.

கவுன்டரில் எடுக்கும் முடிவு: ரீஃபண்டா, மாற்று விமானமா

விமானம் ரத்தானதும் ஊழியர் கேட்கும் முதல் கேள்வி இது. அவசரத்தில் ரீஃபண்டைத் தட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆப்பில் அந்தப் பொத்தான்தான் பெரிதாக இருக்கும்.

ரீஃபண்ட் வாங்கிக்கொண்டால் உங்களை ஊர் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு அத்தோடு முடிந்தது. அன்றிரவு ஹோட்டலும் இல்லை, மறுநாள் மூன்று மடங்கு விலைக்கு டிக்கெட் எடுத்தால் அந்த வித்தியாசமும் இல்லை. (நிலையான இழப்பீடு மட்டும் இதனால் பறிபோகாது.) மாற்று விமானம் கேட்டால் ஊர் சேரும்வரை சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. பயணம் அவசியமென்றால் மாற்று விமானம். பயணமே வேண்டாம், அல்லது டிக்கெட் மலிவு, பக்கத்தில் ரயில் இருக்கிறது என்றால் ரீஃபண்ட்.

நிறுவனம் மூன்று நாள் கழித்துத்தான் இடம் இருக்கிறது என்று சொல்லி, வேறு நிறுவனத்தில் இன்றே இடம் இருந்தால்? அந்த விமானத்தின் எண்ணையும் நேரத்தையும் சொல்லி அதில் போட்டுத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். சாட் வழியாகக் கேட்டாலும் போதும், திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ நீங்களே வாங்கி, பிறகு அந்த விலையைக் கேட்கலாம். கேட்காமலே வாங்கியவர் பின்னால் திணறுவார்.

வவுச்சரும் இங்கேதான் வந்து நிற்கும். 261 விதிப்படி, பயணி கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் தவிர இழப்பீட்டைப் பணமாகத்தான் தர வேண்டும். 600 யூரோவுக்குப் பதில் 800 யூரோ வவுச்சர் என்றால், அதே நிறுவனத்தில் ஓராண்டுக்குள் எப்படியும் பறக்கப்போகிறவருக்கு லாபம். மற்றவர்களுக்கு அது வெறும் தாள்.

முதல் வழி: நேரடியாகக் கேட்பது

கட்டணம் இல்லை, முழுத் தொகையும் கைக்கு வரும். எந்தக் க்ளைமும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மத்தியஸ்த அமைப்புகள் நேரடிப் புகார் முடிந்த பிறகுதான் கோப்பைத் திறக்கும்.

டிக்கெட் விற்ற நிறுவனத்திடம் அல்ல, விமானத்தை இயக்கிய நிறுவனத்திடம் கேட்க வேண்டும். கோட்ஷேர் டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் எண் இருக்கும், "இயக்குவது" என்று சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். அந்தச் சின்ன எழுத்துக்காரர்தான் உங்கள் ஆள். தவறான இடத்துக்கு அனுப்பி இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு "எங்களுடையது அல்ல" என்ற பதில் வாங்குவது சாதாரணமாக நடக்கிறது.

கடிதத்தில் இவ்வளவு போதும்: முன்பதிவு எண், விமான எண், தேதி, எல்லாப் பயணிகளின் பெயர், அட்டவணை நேரம், கதவு திறந்த நேரம், எந்த விதியின் எந்தப் பிரிவு (இழப்பீட்டுக்கு 261/2004இன் 7ஆம் பிரிவு), தலைக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, வங்கி விவரம், 14 நாள் கெடு. செலவு ரசீதுகளைத் தனித் தலைப்பில், தனி மொத்தத்தோடு வையுங்கள். விமான நிலையத்தில் அனுபவித்த சிரமத்தை இரண்டு பக்கம் எழுதுவதால் ஒரு யூரோகூட ஏறாது. படிக்கிறவர் அதற்குள் எதைத் தள்ளுபடி செய்யலாம் என்றுதான் பார்ப்பார். தொகை ஒரு ஆளுக்கு; கட்டணம் கொடுத்து இருக்கை வாங்கிய குழந்தைக்கும் முழுத் தொகை உண்டு.

பெரும்பாலும் முதல் பதில் மறுப்பாகவே இருக்கும். "அசாதாரணச் சூழ்நிலை" என்ற சொல் அதில் இருக்கும், விவரம் இருக்காது. நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது; ஆகவே எது நடந்தது, எந்த விமானத்துக்கு, எத்தனை மணிக்கு, அதைத் தவிர்க்க என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இயந்திரக் கோளாறு என்றால் பொதுவாக அது அசாதாரணம் அல்ல. 2008இன் வாலன்டின்-ஹெர்மன் வழக்கிலும் 2015இன் வான் டெர் லான்ஸ் வழக்கிலும் அது முடிவான விஷயம். சொந்தப் பைலட்டுகளின் வேலைநிறுத்தமும் அசாதாரணம் அல்ல. எஸ்ஏஎஸ் விமான நிறுவன வழக்கு, 2021. பைலட்டுக்கு உடல்நலமில்லை என்பதும் அல்ல. பிரிட்டன் உச்ச நீதிமன்றம், 2024. பறவை மோதியது, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர் வேலைநிறுத்தம், நிஜமான புயல் ஆகியவற்றில் நிறுவனத்தின் பக்கம் பலமாக இருக்கும்.

"காலையில் வேறு ஊரில் மூடுபனி, அதனால் உங்கள் மாலை விமானம் தாமதம்" என்ற தொடர் தாமதம்தான் சிக்கல். நேரடித் தொடர்பு இருந்தால் அந்தக் காரணம் செல்லும் என்று 2020இல் டாப் போர்ச்சுகல் வழக்கில் சொல்லப்பட்டது. ஆனால் இடையில் எட்டு மணி நேரம் இருந்து, நிறுவனத்தின் பெரிய தளத்திலிருந்தே விமானம் புறப்பட்டிருந்தால், மாற்று விமானமோ ஊழியரோ ஏன் ஏற்பாடு செய்யவில்லை என்று கேட்க இடமிருக்கிறது. விமானப் பதிவெண்ணை வைத்து அன்றைய அதன் முந்தைய பயணங்களை ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளங்களில் பார்க்கலாம். பழைய தகவல் சில நாளில் கட்டணத்துக்குள் போய்விடும், முதல் வாரத்திலேயே எடுத்து வையுங்கள்.

இரண்டாம் வழி: ஏஜென்சி

நேரடி மறுப்புக்குப் பிறகு, அதுவும் வழக்கை வேறு நாட்டில்தான் போட வேண்டும் என்றால், இது நியாயமான தேர்வு. ஜெர்மனி நல்ல உதாரணம். அங்கே வழக்கு ஜெர்மன் மொழியில் நடக்கும், நீதிமன்றக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும், தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் செலவும் நம் தலையில் விழும். அந்த ஆபத்தை ஏஜென்சி ஏற்றுக்கொள்கிறது. கட்டணத்துக்குக் கைமாறாக நமக்குக் கிடைப்பது அதுதான்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: கட்டணத்தில் வரி சேர்ந்திருக்கிறதா, வழக்குக் கட்டணம் தனியா, நிறுவனம் நேராக உங்கள் கணக்கில் பணம் போட்டாலும் சதவீதம் கொடுக்க வேண்டுமா (பெரும்பாலும் ஆம்), நடுவில் விலகினால் என்ன. முக்கியமானது, நீங்கள் கொடுப்பது பிரதிநிதித்துவ அதிகாரமா, அல்லது க்ளைமின் உரிமையையே எழுதிக்கொடுக்கிறீர்களா என்பது. உரிமையை எழுதிக்கொடுத்த பிறகு நிறுவனத்தோடு நீங்கள் சமரசம் பேச முடியாது. உடனே காசு கொடுத்துக் க்ளைமை வாங்கிக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. காத்திருக்க வேண்டாம், ஆனால் கிடைக்கும் பங்கு இன்னும் சிறியது.

பெரும்பாலான ஏஜென்சிகள் நிலையான இழப்பீட்டை மட்டுமே எடுக்கும். ஹோட்டல் ரசீதும் டிக்கெட் பணமும் உங்கள் வேலைதான். கடினமான வழக்கை அவர்களும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இலவசமாக ஒரு பயன் உண்டு. இரண்டு மூன்று ஏஜென்சிகளின் தகுதிச் சோதனைப் பக்கத்தில் விமான எண்ணைப் போட்டுப் பாருங்கள். எல்லாரும் "தகுதி உண்டு" என்றால், அவர்களிடம் உள்ள வானிலை, விமானத் தகவல்கள் உங்கள் பக்கம் என்று அர்த்தம். அத்தோடு வெளியே வந்து நேரடியாகக் கேளுங்கள். கையெழுத்துப் பக்கம்வரை போய்விடாதீர்கள்.

மூன்றாம் வழி: மத்தியஸ்தமும் அரசு அமைப்பும்

இரண்டும் ஒன்றல்ல. ஒன்றிய நாடு ஒவ்வொன்றிலும் விதியை அமல்படுத்தும் அமைப்பு இருக்கிறது, ஆனால் எல்லாம் தனிப்பட்ட பணத்தை வாங்கித் தருவதில்லை. ஜெர்மனியின் விமானப் போக்குவரத்து ஆணையம் நிறுவனத்துக்கு அபராதம் போடலாம், உங்கள் 600 யூரோவை வசூலித்துத் தராது. அதற்கு அங்கே தனி மத்தியஸ்த அமைப்பு இருக்கிறது. நிறுவனத்திடம் கேட்டு இரண்டு மாதம் ஆன பிறகு போகலாம், பயணிக்குச் செலவில்லை.

பிரிட்டனில் நிறுவனம் ஏவியேஷன்ஏடிஆர் அல்லது சிஇடிஆர் என்ற மத்தியஸ்த அமைப்பில் உறுப்பினராக இருந்தால், எட்டு வாரம் கழித்தோ இறுதி மறுப்புக் கடிதம் வந்ததுமோ அங்கே போகலாம். அந்த முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் இன்னும் திறந்தே இருக்கிறது. இழப்பதற்கு ஒன்றுமில்லாத வழி, மெதுவானது என்பதுதான் குறை. இந்தியாவில் விமானப் பயணிகளின் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளமும் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் ரீஃபண்ட் சிக்கலுக்கு நன்றாக உதவும்; இழப்பீட்டுத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

நான்காம் வழி: நீதிமன்றம்

பலர் பயப்படும் அளவுக்கு இது பெரிதல்ல. ஆனால் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் ஆன்லைனிலேயே வழக்குப் போடலாம். 520 பவுண்டு கேட்க 70 பவுண்டு கட்டணம். நான்கு பேர் குடும்பம் சேர்ந்து 2080 பவுண்டு கேட்டால் 115, விசாரணைவரை போனால் அதற்குத் தனிக் கட்டணம். ஜெயித்தால் திரும்ப வரும். சிறு வழக்கில் தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவு பொதுவாக உங்கள் மேல் வராது. 2024 மே முதல் ஒரு மணி நேரத் தொலைபேசி மத்தியஸ்தம் கட்டாயம், அது இலவசம். வழக்கு எண் போய்ச் சேர்ந்ததும் சட்டப் பிரிவு கோப்பை முதல்முறையாகத் திறந்து பார்க்கும். பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும்.

ஐரோப்பாவுக்குள் எல்லை தாண்டிய 5000 யூரோ வரையான வழக்குக்கு ஐரோப்பியச் சிறு வழக்கு நடைமுறை இருக்கிறது. ஒரு நிலையான படிவம், வக்கீல் கட்டாயமில்லை, டென்மார்க் மட்டும் சேரவில்லை. புறப்பட்ட இடத்திலோ சேர்ந்த இடத்திலோ வழக்குப் போடலாம் என்று 2009இன் ரேடர் வழக்கு அனுமதிக்கிறது. உங்களுக்குத் தெரிந்த மொழி எந்த ஊரில் செல்லுமோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தியாவில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். டிஜிசிஏ அட்டவணைக்கு மேல், சேவைக் குறைபாட்டுக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேட்க முடிவது இங்கேதான். காலம் எடுக்கும் என்பதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

சர்வதேசப் பயணத்தில் நிஜமான நஷ்டம் பெரிதென்றால், தவறிய கப்பல் பயணம், வீணான ஹோட்டல் முன்பதிவு போன்றவற்றுக்கு, விமான நிறுவனங்களின் பொறுப்பைப் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான மான்ட்ரியல் உடன்படிக்கை உதவும். 2024 டிசம்பர் 28 முதல் தாமதத்துக்கான வரம்பு ஒரு பயணிக்கு 6303 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும். நியாயமாகச் செய்யக்கூடியதை எல்லாம் செய்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் பணமில்லை.

கார்டும் காப்பீடும்

கார்டு வழங்கிய வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது, டிக்கெட் பணத்துக்கு மட்டும். வராத சேவைக்குக் கொடுத்த பணம் என்பதால் அது பொருந்தும். 600 யூரோ இழப்பீட்டுக்குப் பொருந்தாது. மாற்று விமானத்தில் பறந்துவிட்டுச் சார்ஜ்பேக் போட்டால் தோற்பீர்கள். கெடு பெரும்பாலும் 120 நாள் என்பதால், ஏஜென்ட்டும் நிறுவனமும் ரீஃபண்டை மாறி மாறித் தள்ளிவிடும்போது காத்திருந்து கோட்டை விடாதீர்கள். காப்பீட்டில் குறைந்தபட்சத் தாமத மணி நேரம் எவ்வளவு என்று பாருங்கள். தாமதத்தையும் காரணத்தையும் உறுதி செய்யும் விமான நிறுவனக் கடிதத்தைக் காப்பீட்டுக்காரர்கள் உங்களிடம் கேட்பார்கள், அதை விமான நிலையத்திலேயே வாங்குவது சுலபம். சட்டம் எதுவும் பொருந்தாத பயணத்தில் கைகொடுப்பது இது ஒன்றுதான்.

கெடு

ஐரோப்பிய விதியில் காலக்கெடு ஒன்றிய அளவில் இல்லை. வழக்குப் போடும் நாட்டின் சட்டம் தீர்மானிக்கும். நெதர்லாந்தில் 2 ஆண்டு, ஜெர்மனியில் பறந்த ஆண்டு முடிந்து 3 ஆண்டு, பிரான்ஸிலும் ஸ்காட்லாந்திலும் 5, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 6. இந்திய நுகர்வோர் ஆணையத்துக்கும் மான்ட்ரியலுக்கும் 2. பல இடங்களில் நிறுவனத்தோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து மட்டும் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. இரண்டாண்டு நாடுகளில் பதினெட்டாவது மாதத்திலும் "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலே வந்துகொண்டிருந்தால், அடுத்த நினைவூட்டலை எழுதாமல் வழக்கையோ ஏஜென்சி ஒப்பந்தத்தையோ அந்த வாரமே முடித்துவிடுங்கள்.